மறுபடியும் முதல் மணி

அக்கா வீட்டுக் கிணற்று ராட்டினம் ஏழு வருஷம் சத்தம் போடவில்லை. சனிக்கிழமைதோறும் அதற்கு விளக்கெண்ணெய் விட்டவன் நான்தான். அந்த வருஷங்களின் நாட்குறிப்பில் சனிக்கிழமைப் பக்கங்களைப் புரட்டினால், தாலுகா ஆபீஸ் வேலைக்கும் சலவைக்குப் போட்ட துணிக்கும் நடுவே ‘ராட்டினம், எண்ணெய்’ என்று இரண்டு சொல் இருக்கும். கடைசி இரண்டு வாரம் தவிர ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் எழுதப்போகிற காரியத்தில் என் பங்கு என்ன என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ராட்டினம் கிறீச்சிட்டால் பாவாவின் ஜபம் கெட்டுவிடும். அக்காவின் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு முறைச்சொல் தெலுங்கில்தான் வாயில் வரும். அவருடைய பெயரை எழுதமாட்டேன். அவர் இப்போது இல்லை. பெயரைப் போட்டால் திருத்தணியில் இன்றும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.

வீடு மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. காலை ஆறரை மணிக்கு பாவா பூஜை அறையில் மணை போட்டு உட்காருவார். நூற்றெட்டு மணி கோத்த ருத்திராட்ச மாலை ஒன்று. முன்னால் இரண்டு பித்தளைத் தட்டு. இடது தட்டில் பத்துப் புளியங்கொட்டை. ஒரு மாலை உருட்டி முடித்ததும் ஒரு கொட்டையை எடுத்து வலது தட்டில் வைப்பார். ஒரு மாலைக்குப் பதினோரு நிமிஷம். கடிகாரம் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன், அரை நிமிஷம் முன்பின் ஆகாது. பத்துக் கொட்டையும் வலது தட்டுக்குப் போய்ச் சேர எட்டு இருபது ஆகும்.

அந்த நேரம் முழுவதும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. பேசாமலிருந்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. பாத்திர மூடிகளின் விளிம்பில் அக்கா துணி சுற்றித் தைத்திருந்தாள். கல் தரையில் மெட்டி தட்டும் என்று அதற்கு நூல் சுற்றியிருந்தாள். முட்டை இட்டதும் கொக்கரிக்கிற கோழிகளைப் பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மிளகாய் இடிப்பதும் மங்கம்மா வீட்டில்தான். தும்மல் வந்தால் கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தும்முவாள். நான் எட்டு மணி சுமாருக்குச் சாப்பிட வருவேன். கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவேன். ரசத்தை உறிஞ்சாமல் குடிக்கப் பழகியது அந்த வீட்டில்தான்.

பாவா கத்திப் பேசி நான் கேட்டதில்லை. ஜபம் கெட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார். முகம்கூட மாறாது. மறுபடியும் முதல் மணியிலிருந்து ஆரம்பிப்பார், அவ்வளவுதான். வலது தட்டில் இருக்கிற கொட்டைகளை ஒவ்வொன்றாக இடது தட்டுக்கு மாற்றுவார். எட்டு முடிந்திருந்தாலும் சரி, ஒன்பது முடிந்திருந்தாலும் சரி. அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் அக்கா அடுத்த நாள் மறந்திருப்பாள். அந்தக் கொட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குத் தண்டனையாக இருந்தது.

ஜபத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதுவது அவருடைய தொழில். நாலாவது பக்கத்தின் கடைசி வரியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் முதல் பக்கத்திலிருந்து எழுதுவார். அவர் எழுதிய பத்திரத்தில் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அதனால் அம்மையார்குப்பத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். சாப்பிடும்போது ஆபீசில் நடந்ததைச் சொல்வார். நடுவில் அக்கா, “யாரு, அந்த மணியக்காரரா?” என்று கேட்டுவிட்டால், “காலைல நான் போனேனா...” என்று முதலிலிருந்து தொடங்குவார். அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். யார், எந்த ஊர் என்று தெரியாமலே முழுக் கதையையும் கேட்டு, கடைசியில் “ஆங்” என்பாள்.

ஒருமுறை கிருத்திகையன்று அவரோடு மலை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. படிக்கு ஒரு மந்திரம் என்று சொல்லிக்கொண்டு ஏறுவார். இருநூற்றுச் சொச்சம் படி ஏறியிருப்போம். கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் மேலேயிருந்து இறங்கி வந்தவர், கையைக் கூப்பி, “நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசு உண்டுங்களா?” என்று கேட்டுவிட்டார். பாவா மரியாதையாக, “உண்டுங்க” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக் கீழே இறங்கினார். அடிவாரம் வரைக்கும் இறங்கி, முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு, மறுபடியும் ஏறினார். விஷயம் தெரிந்து அந்த விவசாயி பதறிப்போய், மன்னிப்புக் கேட்பதற்காக அதே படியிலேயே காத்துக்கொண்டிருந்தார். பாவா வந்ததும், “தெரியாம கேட்டுட்டேங்க, மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். “அதனால இன்னாங்க, பரவால்ல” என்றார் பாவா. மறுபடியும் இறங்கினார். மூன்றாம் தடவை நாங்கள் வரும்போது அந்த மனிதர் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாவாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் எழுதத்தான் வேண்டும். அந்நாளில் எனக்கு அவர்மேல் மதிப்பு மட்டும் இல்லை, பிரியமும் இருந்தது.

என் கேள்விகளுக்கு அவர் சலிக்காமல் பதில் சொல்வார். அவரைவிட நான் ஏழு வயதுதான் சின்னவன்; இரண்டு பேரும் மாலையில் குளக்கரைப் படியில் உட்கார்ந்து பேசுவோம். மந்திரத்தை மூன்று விதமாகச் சொல்லலாம் என்பார். வாய்விட்டுச் சொல்வது ஒன்று, உதடு மட்டும் அசைவது ஒன்று, மனசுக்குள்ளேயே ஓடுவது ஒன்று. முதலாவது காதுக்கு, இரண்டாவது மூச்சுக்கு. மூன்றாவதில் காதும் மூச்சும் மந்திரத்துக்குப் பின்னால் தானாக நடக்கும் என்றார். மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று எனக்கும் பழக்கிவிட்டார். ஆறு மாதம் செய்தேன். காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தது உண்மை. நாட்குறிப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அவருக்குக் கிடைத்தது என்ன மந்திரம் என்று யாருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. காளஹஸ்திப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் காதில் சொன்னதாம். ஏழு வருஷமாக அக்கா கேட்டது உதட்டிலிருந்து வரும் அந்த ‘ஸ்ஸ்’ ஒன்றுதான். அர்த்தமாவது சொல்லுங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மந்திரம்ங்கற சொல்லுக்கே அர்த்தம் கீது, மச்சான்” என்றார். “நெனைக்கிறவன காப்பாத்துறது. அவ்ளோதான்.”

இன்னொன்றும் சொல்வார். ஜபத்தில் உட்கார்ந்தவனுக்குக் காது அடைத்துப்போகும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தப்பு, காது இன்னும் திறக்கும் என்பார். மனசு ஓர் இடத்தில் நின்றுவிட்டால் எறும்பு நடப்பதுகூடக் கேட்கும் என்பார். இது வீண் பேச்சு இல்லை. எட்டு இருபதுக்கு எழுந்து வந்து, தயிர்க்காரி மூன்றாவது வீட்டில் யாரோடு சண்டை போட்டாள், தெருவில் போனது யார் வீட்டு மாட்டு வண்டி, நான் குடையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து எத்தனை தடவை அதைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாவற்றையும் சொல்வார். ஒன்றுகூடத் தப்பாது. நான் வியந்துபோவேன். அதையும் எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைத்தான் பிற்பாடு திரும்பத் திரும்பப் படித்தேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஆனியில் அவர் ஒரு மண்டலம் விரதம் எடுத்தார். நாற்பத்தெட்டு நாள், நாளுக்குப் பத்து மாலை, நடுவில் ஒரு நாள் எண்ணிக்கை முழுதாகாமல் எழுந்தாலும் மண்டலம் மொத்தமும் வீண். அது குழந்தைக்காக. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இந்த விரதத்தை அவர் எனக்காகத்தான் எடுத்திருக்கிறார் என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த விரத நாளெல்லாம் அவள் நுனிக்காலில் நடந்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பி வழிந்தது. காவடிகளோடு வாந்திபேதியும் வந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, டாக்டர் ஒருவரும் கம்பவுண்டர் இரண்டு பேருமாக உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களுக்கு அந்தக் கொட்டகை என்றால் நடுக்கம். அங்கே எடுத்துப்போனால் திரும்பி வருவதில்லை என்ற பேச்சு. முற்றிப்போன பிறகே எடுத்துப்போனார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

கிருத்திகை முடிந்து இரண்டாம் நாள். விரதத்தில் நாற்பத்தாறாம் நாள். நேரங்களை நாட்குறிப்பிலிருந்தே எடுத்து எழுதுகிறேன்.

எட்டு ஐந்துக்கு நான் கையில் செருப்போடு உள்ளே போனேன். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கிணற்றடிக்குப் போனேன். அக்கா துவைக்கிற கல்லில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனி நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டதாம். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துவைத்திருந்தாள். நான் அதை உருவி எடுத்தேன். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளே கேட்டுவிடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் பல்லால் கடித்து, அந்தத் துணி நைந்துபோயிருந்தது.

கொட்டகைக்குப் போகலாம் என்றேன். குரல் போய்விட்டிருந்தது, காற்றாகத்தான் பேசினாள்.

“அவரு ஒரு வார்த்த சொல்லாம நான் எங்கயும் வரமாட்டேன், தம்பி.”

அப்படியானால் அவரைக் கூப்பிடுகிறேன் என்றேன். என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது.

“கூப்புடாத. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்குது.”

அவர் சொல்லாமல் வரமாட்டாள், அவரைக் கூப்பிடவும் விடமாட்டாள். நான் பூஜை அறை வாசலில் போய் நின்றேன். எட்டுப் பன்னிரண்டு. வலது தட்டில் ஒன்பது கொட்டை இருந்தது. பத்தாவது மாலை ஓடிக்கொண்டிருந்தது. எட்டு இருபதுக்கு முடியும், இன்னும் எட்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். எட்டு நிமிஷம் பொறுத்தால் இவருடைய விரதமும் கெடாது, அக்காவின் ஆசையும் கெடாது, பிறகு அவர் ஒரு வார்த்தை சொன்னால் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். இதுதான் நான் செய்த தப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்கட்டில் என் கூடப்பிறந்தவள் துணியைக் கடித்துக்கொண்டு கிடக்க, நான் மணியை எண்ணிக்கொண்டு நின்றேன்.

எட்டுப் பதினேழுக்கு மங்கம்மா கொல்லைப்பக்கமாக வந்தாள். அவள் அம்மையார்குப்பத்தில் பிறந்தவள். இங்கே தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். முட்டை கொடுக்க வந்தவள் அக்காவைப் பார்த்துவிட்டு, “அய்யோ, அக்கா” என்று வாய்விட்டு அலறினாள்.

மாலை நின்றது.

பாவா கண்ணைத் திறக்கவில்லை. மூன்று நிமிஷம் பாக்கி இருந்த மாலையை மடியில் வைத்தார். வலது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு கொட்டையை எடுத்து இடது தட்டில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நான் வாய் திறந்தேன். பாவா, அக்காவுக்கு வாந்திபேதி, கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம், தலையை ஒரு தடவை அசைத்தால் போதும் என்றேன். மூன்றாவது கொட்டை. நாலாவது. ஒன்பதையும் ஒரே பிடியாக அள்ளிப் போட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் வைத்தார். பித்தளையில் கொட்டை விழுகிற சத்தம் இல்லை, வைக்கிற சத்தம். ஒன்பதாவதை வைத்துவிட்டு மாலையை எடுத்து, கட்டைவிரலால் தடவி முதல் மணியைத் தேடிப் பிடித்தார். உதடு அசையத் தொடங்கியது.

மங்கம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். பூஜை அறைப் பக்கம் அவள் அதற்குமுன் வந்ததே இல்லை.

“ஒம்போது கொட்டைய எடுத்து வெக்க கை வருதே சாமி, தலைய ஆட்ட வரலியா?” என்றாள்.

‘ஸ்ஸ்’ என்ற சத்தம் மட்டும் வந்தது.

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவில் போன இரண்டு ஆட்களைக் கூப்பிட்டாள். அக்காவைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது அவள் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் சொல்லட்டும், அவர் சொல்லட்டும் என்று உதடு அசைந்தது.

“அவரு சொல்லிக்கினுதான் கீறாரு அக்கா” என்று அவள் விரல்களைப் பிரித்தாள் மங்கம்மா. “உனக்கு இல்ல. வா.”

ரயிலடி வரைக்கும் கட்டிலின் ஒரு காலை நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கையில் தேடினார், காலில் தேடினார். கடைசியில் கணுக்காலில் கீறி ஊசியைச் செலுத்தினார். இன்னும் அரை மணி போயிருந்தால் ஊசி போட நரம்பு கிடைத்திருக்காது என்று எங்களைத் திட்டினார். முதல் பாட்டில் பாதி இறங்கியபோது அக்கா கண்ணை விழித்தாள்.

பத்தே முக்காலுக்கு பாவா வந்தார். எட்டுப் பதினேழிலிருந்து பத்து மாலைக்கு என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன். பத்து ஏழு. அதற்குப் பிறகு குளித்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி. நேராகக் கட்டிலுக்கு வந்து அக்காவின் நெற்றியில் விபூதி இட்டார். அந்த நேரம்தான் அக்கா, “தண்ணி” என்று குரல் எடுத்துப் பேசினாள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கீறின டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெண்டாட்டி உயிர் போய்க்கொண்டிருந்தபோதும் மனுஷர் அசையவில்லையாம். எமன் வாசலில் நின்றபோது இவர் முதல் மணியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாராம். பத்தாவது மாலை முடிந்த அதே கணம் அந்தம்மா கண் விழித்தாளாம். அவள் கண் விழித்தது ஒன்பது இருபத்தைந்துக்கு. நான் எழுதிவைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டும் அது? ஒரு வாரத்தில் ஜனங்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். காய்ச்சலுக்கு ஒரு மந்திரம், கேசுக்கு ஒரு மந்திரம், ஓடிப்போன பையன் திரும்பி வர ஒரு மந்திரம். பாவா யாரிடமும் நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று இன்னும் உருகினார்கள். நான் இல்லை என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

யாராவது செத்திருந்தால் அவரைக் கேள்வி கேட்டிருப்பார்கள். யாரும் சாகவில்லை, ஆகையால் அவர் மகான் ஆனார். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது என் எழுத்து அழுந்துகிறது. அடுத்த தாளில் தடம் தெரிகிறது.

பத்து நாள் கழித்துக் குளக்கரையில் அவரைப் பிடித்தேன். எறும்பு நடப்பது கேட்கும் என்றீர்களே, அன்றைக்கு என்ன கேட்டது என்றேன்.

“கேட்டுது, மச்சான். விடியகாலைலேருந்து கேட்டுகினுதான் இருந்துது. துணிய கடிக்கிறது கூட.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“எங்கம்மா, ரெண்டு அண்ணங்க. ஒரே நாள்ல. ஒரே வண்டில போட்டு எடுத்துகினு போனாங்க. எனக்கு ஆறு வயசு.” பிறகு, “எழுந்தா பாக்கணுமே” என்றார்.

பயந்தவனை நான் மன்னிப்பேன். எனக்கும் பயம் உண்டு. பயம் என்று அன்று காலையில் சொல்லியிருந்தால் அவர் தோளில் கைபோட்டு வெளியே அனுப்பிவிட்டு நானே எல்லாம் பார்த்திருப்பேன். வாசலில் தட்டோடு நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை, டாக்டர்தான் காப்பாற்றினார் என்று ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜபத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். சாயங்காலத்தில் அவருக்கு ஜபம் கிடையாது. எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நினைக்கிறவனைக் காப்பாற்றுவது மந்திரம் என்று சொன்னாரே, அதில் பொய் இல்லை. அவரை அது நன்றாகவே காப்பாற்றியது. எங்கள் எல்லோரிடமிருந்தும்.

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்தவள் முன்னைவிடச் சத்தமில்லாமல் நடந்தாள். தன்னால் விரதம் கெட்டது என்று நம்பினாள். எண்ணிக்கை அன்றைக்கு முழுதாகத்தான் ஆயிற்று, ஆனால் பேச்சு விழுந்துவிட்டதே என்று பாவாவே மண்டலத்தைத் தள்ளிவிட்டார். முதலிலிருந்து ஒரு மண்டலம் எடுக்கலாம் என்றார். அவள் சரி என்றாள். மங்கம்மாவை ஜபவேளையில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் சனிக்கிழமை ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டேன். ஆமாம், விட்டேன். அக்கா வீட்டுப் படி ஏறாமலிருக்க என்னால் முடியவில்லை. ஏறினால் அந்த வீட்டு வழக்கப்படிதான் நடக்க வேண்டும்.

அடுத்த தை மாதம் அந்தக் காளஹஸ்திப் பெரியவர் வந்தார். கைத்தடியும் ஒரு மூட்டையுமாக இருந்த சின்ன மனிதர். திருத்தணிக்கு வந்தவர் சிஷ்யனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். மோர் கொடுத்தோம். ஊரில் கேள்விப்பட்டேனே, என்ன அது என்று அவரே கேட்டார். நான் சொன்னேன். நேரங்களோடு சொன்னேன். சொல்லிவிட்டு, நடுவில் எழுந்தால் எல்லாம் வீண், மறுபடியும் முதல் மணியிலிருந்துதான் என்ற விதி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

பெரியவர் பாவாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இத எவுரு சொன்னது, நைனா? நான் சொல்லலியே.”

பாவா காலி மோர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

“பாலு பொங்கினா எறக்கி வெச்சிட்டு வந்து உக்காரு. கொழந்த அழுதா தூக்கு. மந்திரம் எங்க போவுது? அங்கதானே இருக்கும்” என்றார் பெரியவர். “எண்ணிக்க எதுக்குன்னா, மனசு கடத்தெருவுக்கு ஓடாம கட்டுறதுக்கு ஒரு கயிறு. மாட்ட விட்டுட்டு கயித்துக்குப் புல்லு போடுவியா?”

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது. பித்தளை மூடி. துணி சுற்றாத மூடி ஒன்று அந்த வீட்டில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். உருண்டு போய்ச் சுவரில் மோதி, சுழன்று சுழன்று, நிற்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா அதைக் குனிந்து எடுக்கவில்லை.

பெரியவர் மறுநாள் போய்விட்டார். பாவா வழக்கம்போல ஆறரைக்கு உட்கார்ந்தார். எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சனிக்கிழமை ஆபீசுக்கு விடுமுறை. நான் காலையிலேயே விளக்கெண்ணெய்க் குப்பியோடு கிணற்றடிக்குப் போனேன். பெரியவர் வருவதற்கு முன் இரண்டு வாரம் நான் ஊரில் இல்லாததால் ராட்டினம் காய்ந்திருந்தது. அந்த இரண்டு வாரமும் அக்கா தன் கையாலேயே கயிற்றைப் பிடித்து, ராட்டினம் உருளாமல், குடம் குடமாகத் தூக்கியிருக்கிறாள். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

மேலே ஏறுவதற்காகக் கிணற்றுச் சுவரில் கால் வைத்தேன். அக்கா வந்து குப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் வாங்கினாள். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

“வேணாம் தம்பி. கத்தட்டும்.”

கயிற்றை ராட்டினத்தில் போட்டுக் குடத்தை விட்டாள். அது போட்ட சத்தம் குளக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது குடம். மூன்றாவது. நான் பூஜை அறை வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். வலது தட்டில் ஒரு கொட்டை இருந்தது. பாவா அதை எடுத்து இடது தட்டில் வைத்தார். மாலையைத் தடவி முதல் மணியைப் பிடித்தார். நாலு மணி நகர்ந்திருக்கும். ராட்டினம் கிறீச்சிட்டது. மறுபடியும் முதல் மணி. மூன்று மணி. கிறீச். மறுபடியும் முதல் மணி.

அண்டா நிரம்பியது. தொட்டி நிரம்பியது. தொட்டி வழிந்து வாழைக்கு ஓடியது. வாழைப்பாத்தியும் நிரம்பி, தண்ணீர் கொல்லைப் படலைத் தாண்டி மங்கம்மா வீட்டுப் பக்கம் போனது. அங்கே கோழிகள் கத்தின. மங்கம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா நிறுத்தவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கன்றிப்போன கையால் இறைத்துக்கொண்டேயிருந்தாள்.

அந்த வீட்டுக்குக் காலையில் ஆறு குடம் போதும். அன்றைக்கு அவள் நாற்பத்தொரு குடம் இறைத்தாள். நான் எண்ணினேன். எட்டு இருபதுக்கு வலது தட்டில் ஒரு புளியங்கொட்டைகூட இல்லை.